மூவாயிரம் மைல்

“மூவாயிரம் மைலா? அதெல்லாம் எனக்கு வேணாம். எப்பவும் போல ஆயிரத்துக்கே எழுதிக் குடுங்க.”

சேதுராமன் சர்வீஸ் அட்டையை மேசைமேல் திருப்பி வைத்தார். மோட்டார் கம்பெனிக் குமாஸ்தா ஜெயபாலனுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகப் போனார்கள். சண்டைக்கு நின்றவர் இவர் ஒருவர்தான்.

“ஐயா, புது எண்ணெய் வந்திருக்கு. இனிமே ஆயிரம் மைலுக்கு ஒருதரம் வண்டியக் கொண்டுவர வேண்டியதில்ல. மூவாயிரத்துக்கு ஒருதரம் போதும். உங்களுக்குத்தானே அலைச்சல் மிச்சம்?”

“அலைச்சலா இருக்குன்னு நான் சொன்னேனா? வண்டி வாங்கினப்போ குடுத்த புத்தகத்துல ஆயிரம்னு இருக்கு. இந்தாங்க, நீங்களே பாருங்க. நாளைக்கு எஞ்சின் கெட்டா யாரு பதில் சொல்றது?”

ஜெயபாலன் பட்டறைப் பக்கம் திரும்பி, “சமது பாய், கொஞ்சம் வாங்களேன்!” என்று குரல் கொடுத்தான்.

தலைமை மெக்கானிக் அப்துல் சமது கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சேதுராமனை அவருக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்று, காஜா பேராங்கில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர். நாடு சுதந்திரமடைந்து மெர்டேக்கா கொண்டாடிய வாரம்கூட, ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்க, இவர் மோரிஸ் மைனர் காரோடு சர்வீஸுக்கு வந்து நின்றார். மாதம் தவறாது. ஆயிரம் என்றால் ஆயிரம்தான். அட்டையில் எழுதிய எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒரு மைல்கூடப் பிசகாது.

வரும்போது கையில் ஒரு பொட்டலம் கறிபாப் பலகாரம் இருக்கும். மர பெஞ்சில் உட்கார்ந்தால் வேலை முடியும்வரை பேச்சுத்தான். சமதுவின் மனைவி ரஹீமாவுக்கு எந்த மாதம் பிரசவம் என்பது ஜெயபாலனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் சமது வண்டியைக் கிளேபாங் கடற்கரை வரை ஓட்டிப் பார்ப்பார். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கடல் தெரிந்ததும் பேச்சை நிறுத்துவார்.

“என்னங்க ஐயா, கோபமா?” என்றார் சமது.

“பாய், நீங்களாவது சொல்லுங்க. என் வண்டி சும்மா நிக்கிற வண்டியா? மாசம் ரெண்டு தடவ அவ்வளவு தூரம் ஈப்போவுக்குப் போயிட்டு வருது. மக ஜெயா விடமாட்டேங்குறா. பேத்தி, தாத்தா கார்ல ஏறினாத்தான் சோறே திங்குது. இவ்வளவு ஓடுற வண்டிக்கு மூவாயிரம் தாங்குமா?”

“தாராளமா தாங்கும். உங்க வண்டிய நான் பாக்காததா? டயரப் பாருங்க, ஆறு மாசத்துக்கு முந்தி மாட்டினது. ஆறாயிரம் மைல் ஓடியும் நேத்து மாட்டின மாதிரி இருக்கு. ஈப்போ ரோட்டுல இப்படி ஓட்டுறவர நான் கண்டதில்லலா.”

“மெதுவா ஓட்டுவேன்” என்றார் சேதுராமன், தரையைப் பார்த்து.

“அப்புறம் என்ன? உங்க ஓட்டத்துக்கு இன்னும் மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்.”

“மூணு மாசம்” என்று மெல்லத் திருப்பிச் சொன்னார் அவர். “அதுக்குள்ள ரஹீமாவுக்குக் குழந்தையே பொறந்துடும்.”

ஜெயபாலன் நேரத்தை வீணாக்கவில்லை. மீட்டர் பதினெட்டாயிரம். அட்டையில் இருபத்தோராயிரம் என்று எழுதி, வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டான். அன்றைக்குப் பார்த்து வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்ததால் சமதுவும் கிளேபாங் போகவில்லை. சேதுராமன் கறிபாப் பொட்டலத்தை பெஞ்சில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். நல்ல மனுஷன், எதற்கு இந்தப் பிடிவாதம் என்று சமதுவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போதுதான் மேசைமேல் சேதுராமன் விட்டுப்போன அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. காஜா பேராங் போகிற வழிதானே, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சமது சைக்கிளை எடுத்தார்.

வாசலில் நின்று கூப்பிட்டார். பதில் இல்லை. ஆனால் வீட்டின் பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. அது எந்த வண்டி என்று சமதுவின் காதுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போனார்.

தகரக் கொட்டகையின் கீழே மோரிஸ் மைனர். உள்ளே சலவைச் சட்டையோடு சேதுராமன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். எதிரே வாழைமரம்.

“ஐயா! இந்நேரத்துக்கு எங்க, ஈப்போவுக்கா?”

சேதுராமன் திடுக்கிட்டுத் திரும்பினார். எஞ்சின் உறுமியது, வேகம் காட்டும் முள் நாற்பதில் நின்றது, வண்டி மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சமது குனிந்து பார்த்தார். வண்டியின் பின்பக்கம் இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பின் சக்கரங்கள் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மீட்டர் பதினெட்டாயிரத்து எண்பதைக் காட்டியது.

“ஈப்போவுல எனக்கு யாரும் இல்ல பாய்” என்றார் சேதுராமன், எஞ்சினை நிறுத்தாமலே. “இன்னும் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது மைல் கிடக்கு. அதுவரைக்கும் நான் யாருகிட்ட பேசுறது?”