ஏரிக்கரை இறக்கம்

கரையின் உச்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஆரோக்கியசாமி கீழே எட்டிப் பார்த்தான். இறக்கம் முழுக்கக் களிமண். மூன்று நாள் மழையில் ஊறி வழவழவென்று கிடந்தது.

பக்கத்து சீட்டில் தங்கை ஞானசௌந்தரி. வேப்பம்பட்டில் வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து அவளும் பேசவில்லை, இவனும் பேசவில்லை.

பேசிப் பதினான்கு வருடமாகிறது.

அவள் அஜித்குமாரைக் கட்டிக்கொண்டபோது இவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் சண்டை. அப்புறம் யார் முதலில் பேசுவது என்பதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

இன்று காலை அஜித்குமார்தான் போன் செய்தான். வேலைக்குப் போன இடத்தில் அவன் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஞானத்துக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிய நாள் நேற்றே தாண்டிவிட்டது. தெருவில் தண்ணீர், ஏரிக்கரை ஒன்றுதான் வழி. வந்த ஆம்புலன்ஸ் கரையின் சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

அவள் முகமும் கால்களும் வீங்கியிருந்தன. டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையை மடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இதே ஜீப்தான். ஆவடியில் ராணுவ ஏலத்தில் அப்பா எடுத்தது. அப்போதெல்லாம் பின்னால் டிரெய்லரைக் கட்டி, சூளையிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டு அண்ணனும் தங்கையும் இந்தக் கரையில்தான் ஏறி இறங்குவார்கள்.

ஏறுவது சுலபம். லோ கியரில் போட்டுவிட்டால் போதும், அந்த டீசல் என்ஜின் ஐந்நூறு கல்லையும் இழுத்துக்கொண்டு முனகியபடி மேலே போகும்.

இறங்குவதுதான் கஷ்டம். சேற்றில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கும். பிரேக்கையும் கிளட்சையும் தொடாமல் விட்டால் லோ கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். ஆனால் இந்த ஜீப்பில் லோ கியரின் லிவர் பாதி இறக்கத்தில் கழன்றுகொள்ளும். கழன்றால் பிடிமானமே இல்லை. அதனால் அண்ணன் ஓட்ட, தங்கை அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருப்பாள். அவன் பயத்தில் கத்துவான். அவள் சிரிப்பாள்.

ஆரோக்கியசாமி லோ கியரைப் போட்டு, கால்களை எடுத்தான். ஜீப் உறுமிக்கொண்டு மூக்கைக் கீழே சாய்த்தது.

அவள் வலது கை தானாக வந்து லிவரின் மேல் உட்கார்ந்தது.

பாதி தூரம் சரியாகத்தான் போனார்கள். திடீரென்று பின்பக்கம் ஏரியை நோக்கி இழுத்தது. அவனையும் மீறி அவன் கால் பிரேக்கைத் தேடிப் போனது.

“கால எடுண்ணா! பிரேக்க மெரிக்காத, அதுவே புடிச்சிக்கும்!”

எடுத்தான். ஜீப் இரண்டு முழம் வழுக்கியது. பிறகு என்ஜின் ஒருமுறை உரக்க அலற, சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. அங்குலம் அங்குலமாக இறங்கித் தார்ச் சாலையைத் தொட்டார்கள்.

அவள் அப்போதுதான் கையை எடுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

“இன்னும் இத்த சரி பண்ணாமதான் ஓட்டிக்கினு கீறியா?”

அவன் கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் துடைத்தான்.

“இன்னா பண்றது. வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் நீதான் புடிச்சிக்கணும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் தலையை ஆட்டினாள்.

அம்பத்தூரில் ஒரு மெக்கானிக் அந்தக் கியரை மாற்றிக் கொடுத்து ஏழு வருடமாகிறது. அதன் பிறகு அது ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.