கிடங்குப் படமும் தபால்தலையும்

இது பழைய பொருள் கடைக்காரர் ஒருவர் சொன்னது. நான் நேரில் பார்த்ததில்லை.

அவர் கடையில் ஒரு பழங்காலத் தபால் அட்டை இருந்தது. அதில் ஆற்றங்கரைக் கிடங்குகளின் படம். ஒருவர் அதை வாங்கினார்.

“தம்பி, நம்ம கிடங்கைப் பார்க்க ஒரு ஆள் வந்துட்டாரு!” என்றது அட்டை, பின்புறம் ஒட்டியிருந்த தபால்தலையிடம்.

“அண்ணே, அவரு என்னையே மொறச்சுப் பார்க்குறாரு.”

“உன்னை யாருடா பார்ப்பா? பேசாம வா.”

வீட்டில் அவர் தபால்தலையைப் பிரித்தெடுக்க அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டார். பசை இளகியது. படமும் கரையத் தொடங்கியது.

“அவரு படத்தைப் பார்த்தாராடா?”

“பார்த்தாருண்ணே” என்று பொய் சொல்லிவிட்டுப் பிரிந்தது தபால்தலை.

பிறகு அந்தக் கிடங்குகள் இருந்த ஊரில் விசாரித்தேன். அவற்றை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். நான் தேடியவரை, அவற்றின் வேறு படம் கிடைக்கவில்லை.