ஓர் எழுத்துப் பிழை

அண்ணன் எழுதிய விண்வெளிப் போர்க்கதைத் தொகுப்புக்கு நான்தான் பிழை திருத்தினேன். கடைசிக் கதையின் கடைசி வரி, "பதினொரு வீரர்களும் மாண்டனர்" என்பது. அச்சில் அது "மீண்டனர்" என்று வந்துவிட்டது.

"ஒரே எழுத்துல என் கதையையே கவுத்துட்டியேடி!" என்று அண்ணன் குதித்தான். திருத்தச் சீட்டு ஒட்டாமல் ஒரு பிரதியும் வெளியே போகக்கூடாது என்றான். ஐந்நூறு பிரதிகளும் கட்டுப் பிரிக்காமல் முன்னறையிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை தபாலில் வாசகர் கருத்துகள் வந்தன. மொத்தம் பதினொரு அட்டைகள். மூன்றாவது கதையில் துப்பாக்கியின் எடை தப்பு என்றார் ஒருவர். பதுங்குகுழியில் அவ்வளவு வெளிச்சம் இருக்காது என்றார் இன்னொருவர். முடிவை மட்டும் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார்கள்.

கடைசி அட்டையை அண்ணன் உரக்கப் படித்தான். "அந்த எழுத்துல கைய வெச்சுடாத தங்கச்சி. இப்பதான் வீட்டுக்கு வந்து பூட்ஸக் கழட்டியிருக்கோம்."

திருத்தச் சீட்டுகள் மொத்தத்தையும் அண்ணன் என்னிடம் நீட்டினான்.

"நீயே கிழிச்சுப் போடு."