ஒரே ஒரு பச்சைச் சட்டை

எங்களை ஒரு வீட்டுக்குள் அடைத்துவைத்து, நாங்கள் அடித்துக்கொள்வதை ஊருக்கே காட்டும் டிவி நிகழ்ச்சி அது. என்னை வெளியேற்றிய மறுநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து அந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி, சாப்பிட்டியா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் நான் இருந்தேன். மூலையில் 'நேரலை' என்று மின்னியது. நான் போட்டிருந்த அதே பச்சைச் சட்டை அங்கேயும் இருந்தது. அம்மா அந்த மாதிரி ஒன்றே ஒன்றுதான் தைத்திருந்தாள்.

"என்னமா வாயடிக்கிறா உங்க பொண்ணு!" என்றார் எதிர்வீட்டு மாமா.

"சட்டையைப் பாருங்க. கையைத் தூக்குறா, ஒரு சுருக்கம் விழுதா? எம் பொண்ணுக்கு நான் அளவே எடுத்ததில்ல" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, நான் இங்க இருக்கேன்" என்று அவள் முன்னால் போய் நின்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் தோள்பட்டைத் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தோள்ல கொஞ்சம் தூக்குது. நாளைக்குக் கொண்டாங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன். இப்பக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எம் பொண்ணு பேசப் போறா."

தள்ளி உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பேசினாள். எனக்கே பெருமையாக இருந்தது.