மஞ்சள் புள்ளி வைத்த எலி

ஜெரால்டு தன் பழைய முரட்டுக் காரை, கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த நிலைக்கே மாற்றிக்கொண்டிருந்தார். அன்று இல்லாத எதையும் கழற்றி வீசினார். பின்சீட்டுக்குள் ஒரு எலி ஐந்து குஞ்சுகளோடு கிடந்தது. குஞ்சுகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. கழற்றாமல் விட்டிருந்த ஹாரனிடம் எலி கேட்டது:

"ஹாரன் மாமா, உங்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?"

"என் முதுகில் மஞ்சள் புள்ளி இருக்கு பாரடி. கம்பெனியில் சரிபார்த்து வைத்தது. அதைக் கண்டால் மனுஷன் கும்பிடாத குறைதான்."

எலி விடுமா? புதுப் பாகங்களுக்குப் புள்ளி வைக்க ஜெரால்டு திறந்து வைத்திருந்த பெயின்ட் டப்பாவில் வாலை நனைத்தது. தன் முதுகில் ஒன்று, குஞ்சுகளுக்கு ஆளுக்கொன்று.

மறுநாள் சீட்டைத் தூக்கிய ஜெரால்டு துடைப்பத்தை ஓங்கினார். புள்ளிகளைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. சீட்டை மெல்ல இறக்கிவிட்டு, காரின் பாகங்களையெல்லாம் பட்டியலிட்ட கம்பெனிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"அடி பாவி, அதில் நீ இல்லையென்று தெரிந்தால்?" என்று ஹாரன் நடுங்கியது.

"எழுநூறு பக்கம், மாமா. மனுஷன் ஒரு வரி விடமாட்டார். அதற்குள் பிள்ளைகள் ஓடவே கற்றுக்கொள்ளும்."