பனி பைக்கின் முன்பலகை

பனியில் ஓடும் அந்த பைக்குக்கு முன்சக்கரம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு சறுக்குப் பலகை. ஒருநாள் பாறையில் மோதியதில் பலகை இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றிலிருந்து வண்டி நேராகப் போக, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம் நேரா நில்லு தம்பி. என்னைக்காவது பள்ளத்துல தள்ளிடப்போற," என்றது ஹேண்டில்பார்.

"வண்டி நேராத்தானே போகுது? கோணலா நிக்கிறது நீங்கதான் அண்ணே," என்றது பலகை.

வண்டிக்காரருக்கும் அப்படித்தான் பட்டது. பலகையைச் சரிசெய்யப் பனியில் மண்டிபோட வேண்டும். ஹேண்டில்பாரோ கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அதன் போல்ட்டைத் தளர்த்தி, பலகை பார்த்த பக்கமே திருப்பி முறுக்கிவிட்டார். ஹேண்டில்பார் கொஞ்ச நாள் முனகியது. பிறகு பழகிப்போனது.

அடுத்த குளிர்காலத்தில் பலகை விரிசல் விட்டது. மெக்கானிக் புதுப் பலகை கொண்டுவந்து, நூல் பிடித்து நேராகப் பூட்டினார்.

ஹேண்டில்பார் அதை மேலும் கீழும் பார்த்தது.

"வந்ததும் வராததுமா இப்படிக் கோணலா நிக்கிறியே! உனக்கு முன்னாடி இருந்தவர் எவ்வளவு நேரா நிப்பார், தெரியுமா?"