ஆவாரம்பட்டையில் பல்தடம்

வாணியம்பாடித் தோல் மண்டிக்குத் தோல் பதனிட மாட்டு வண்டியில் வரும் ஆவாரம்பட்டையைக் கடித்துப் பார்த்துத் துவர்ப்பு எவ்வளவு என்று சொல்வதுதான் மஹபூப் பாஷாவின் வேலை. ஈறெல்லாம் சீழ் பிடித்துப் போனதால், வேலூர் வைத்தியர் அவருடைய பற்கள் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டார். தங்க உறை போட்ட கடைவாய்ப் பல்லும் தப்பவில்லை.

புண் ஆறியதும் வேலைக்கு வந்தார். மேஸ்திரி கன்னியப்பன் சிரித்தான்.

"இன்னா பாய், பொக்க வாய வெச்சிக்கினு பட்டைய நக்கியா பாக்கப் போற? வேற ஆள் வெச்சாச்சு, வூட்டுக்குப் போ."

பாஷா பட்டைக் குவியலிடம் போனார். முப்பது வருஷப் பழக்கத்தில் ஒரு பட்டையை எடுத்துக் கடித்தார்.

"துவர்ப்பு கம்மி. மழையில நனைஞ்ச சரக்கு."

கன்னியப்பன் அந்தப் பட்டையை வாங்கிப் பார்த்தான். வரிசையாகப் பல் பதிந்திருந்தது. கடைசித் தடம் மட்டும் உறை போட்ட பல்லுடையதைப் போல மழமழவென்று அகலமாக இருந்தது.

"வாயத் தொற பாய்."

பாஷா திறந்தார். வெறும் ஈறுதான் இருந்தது.

கன்னியப்பன் தலைப்பாகையைக் கழற்றினான். இன்னொரு பட்டையை இரண்டு கையாலும் நீட்டினான். பாஷா அதை வாங்கி வாயில் வைத்தார். தோல் ஊறும் தொட்டிகளில் நின்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நறுக்கென்று பட்டை முறிந்த சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது.